‘ஏட்டி’ என்றால் கோபமா, பாசமா?

“ஏட்டி, வெயில்ல நின்னுக்கிட்டு என்ன செய்த? இங்ஙன வந்து உக்காரு!”

முக்கூடலில், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி கூப்பிட்டது இவ்வளவுதான். கூப்பிடப்பட்ட பெண்ணுக்கு 23 வயது. கனடாவில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. திண்ணைப் பக்கம் போகாமல் விறுவிறுவென்று வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன டீச்சர், பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையா?” என்று என்னிடம் கேட்டார்.

போன தை மாதம் நடந்தது இது. என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் பதினோரு பேரைப் பத்து நாள் சுற்றுலாவாக அழைத்து வந்தார். “நெல்லைப் பக்கம் மூணு நாள் நீங்க கூட இருங்க டீச்சர்” என்று கேட்டதால் போனேன். கனடா, மலேசியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டுப் பிள்ளைகள். எல்லாரும் தமிழர்தானே, என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மூன்று வந்துவிட்டன. முதலாவது இந்த ‘ஏட்டி’.

இரண்டாவது, அதே தெருவில். மலேசியாவிலிருந்து வந்த பையன், நாலு வீடு தள்ளி பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்காமல் படம் எடுத்துவிட்டான். அந்த அம்மா தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மகன் ஓடி வந்து, “எதுக்கு போட்டோ புடிக்கிய?” என்று சத்தம் போட்டான்.

மூன்றாவது, டீக்கடையில். தென்னாப்பிரிக்கப் பெண்ணிடம் ஒரு பெரியவர் பேர் கேட்டார். அவள் முழுப் பெயரையும் சொன்னாள். அதன் கடைசியில் ‘பிள்ளை’ என்று இருந்தது. பெரியவர் முகம் மலர்ந்து, “அப்பம் நம்ம ஆளா? எந்த ஊருப் பிள்ளைமாரு?” என்றார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த இன்னொருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. “என்ன கேட்கிறார்?” என்று என்னைப் பார்த்தாள். “ஊரைக் கேட்கிறார்” என்றேன்.

அது பாதிப் பொய்.

நான் செய்த தப்பு

வேன் கிளம்பியதும் மைக்கை வாங்கினேன். முப்பது வருடம் வகுப்பெடுத்த பழக்கம் விடுமா? “யாரையும் கேக்காம படம் எடுக்கக் கூடாது. பெரியவங்க பாசமா கூப்பிட்டா கோவிச்சுக்கக் கூடாது” என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். பேர் சொல்லவில்லைதான். ஆனால் பதினோரு பேர் இருக்கிற வேனில் யாரைச் சொல்கிறேன் என்று யாருக்குத் தெரியாது?

மதியம் இலை போட்டதும் அந்தப் பையன் சாப்பிடவில்லை. கனடாப் பெண் கடைசி இலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிசுகிசுத்தார்கள். நான் சொன்னதில் தப்பில்லை. சொன்ன இடம் தப்பு. கூட்டமாகப் போகிற பயணத்தில் ஒருவருக்கு முகம் சுண்டினால் அது அவரோடு நிற்காது. அடுத்த ஒன்பது நாளும் அதே வேன், அதே முகங்கள். வீட்டுக்குப் போய் ஆற்றிக்கொள்ள வழியில்லை.

காப்பாற்றியது சொதிதான். எங்கள் நெல்லைச் சொதி தெரியுமல்லவா? பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கல்யாணம் முடிந்த மறுவீட்டு விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு போடுவது. பரிமாறியவர் “சொதி” என்றதும் கனடாப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இதுவா சொதி? எங்கட வீட்டில சொதி தண்ணி மாதிரி இருக்கும். இடியப்பத்துக்கு விடுவினம்” என்றாள். பேர் ஒன்று, பண்டம் இரண்டு. நான் மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சொதி மாதிரிதான் ‘ஏட்டி’யும் இருக்குமோ?” என்று கேட்டேன்.

ஒரு சொல், இரண்டு வீடு

அவள் சொன்னாள்: “எங்கட வீட்டில ‘டி’ போட்டுக் கதைச்சா சண்டை எண்டு அர்த்தம். அம்மம்மா என்னை ‘பிள்ளை’ எண்டுதான் கூப்பிடுவா. முன்பின் தெரியாத ஆள் என்னை எப்படி ‘டி’ போடலாம்?”

அவள் கேட்டது நியாயம். ‘வாங்கோ, இருங்கோ’ என்று சின்னப் பிள்ளைக்கும் மரியாதை கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் ‘ஏட்டி’ என்பது பெற்ற மகளை, பேத்தியைக் கூப்பிடுகிற வார்த்தை. வெளி ஆளாக நினைத்திருந்தால் ஆச்சி ‘வாங்க, உக்காருங்க’ என்றிருப்பார். ‘ஏட்டி’ என்றதில், ‘உன்னை அன்னியமாக நினைக்கவில்லை’ என்ற சேதி இருந்தது. அந்தச் சேதி அவளிடம் போய்ச் சேரவில்லை.

நான் அவளிடம் ‘நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே’ என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் இது இப்படி என்றேன். உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவளே சிரித்துவிட்டாள். “அப்ப அந்த ஆச்சி பாவம், என்ன?” என்றாள்.

பயணத்தில் மனத்தாங்கல் வரும்போது நாம் முதலில் கேட்பது, ‘யார் பக்கம் சரி?’ என்றுதான். ‘அந்த வார்த்தைக்கு, அந்தச் செயலுக்கு அவரவர் வீட்டில் என்ன அர்த்தம்?’ என்று முதலில் கேட்டால் பாதி மனத்தாங்கல் அங்கேயே இறங்கிவிடும்.

பாட்டி சேலை மாற்றினாள்

சாயங்காலம் திருப்புடைமருதூர் போனோம். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம். எல்லாரும் நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள் ஏறி, மரச் சிற்பங்களையும் சுவர் ஓவியங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலேசியப் பையன் மட்டும் படித்துறையில் இருந்தான். நான் போனதும், “சாரி டீச்சர்” என்றான். “சாரி இருக்கட்டும். எதுக்கு அந்தப் படத்தை எடுக்கணும்னு தோணுச்சு, அதைச் சொல்லு” என்றேன்.

“எங்க பாட்டி எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனவங்க. அவங்க வேலை செய்ற படம் எங்க வீட்டு ஹால்ல பெருசா மாட்டி இருக்கு. அந்த ஆன்ட்டியோட விரல் போன வேகத்தைப் பாத்ததும் பாட்டி ஞாபகம் வந்துச்சு. மரியாதையாதான் எடுத்தேன்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. காலையில் மைக்கில் நான் திட்டியது இந்த மரியாதையைத்தான்.

முக்கூடல் பீடிக்குப் பேர் போன ஊர். சொக்கலால் பீடி என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிற இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி மடக்குவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குனிந்த தலை நிமிராமல் சுற்றினால்தான் கணக்கு முடியும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் கைகள்தான். அந்தக் கையை மதித்துப் படம் எடுத்தான் என்பது நிஜம். படம் எடுக்கப்பட்டவர் அவமானப்பட்டார் என்பதும் நிஜம்.

“அந்தப் படத்தை எடுக்கும்போது உன் பாட்டிக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “தெரியும். பாட்டி உள்ள போய் நல்ல சேலை மாத்திட்டு வந்துதான் நின்னாங்களாம். அப்பா சொல்வாரு” என்றான். அவனே தொடர்ந்து மெதுவாகச் சொன்னான்: “ஆன்ட்டிக்குச் சேலை மாத்த நேரமே குடுக்கல நான்.”

மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வீட்டுக்குப் போனோம். கூட்டமாகப் போகவில்லை. அவன் போனைக் கொடுத்து, “நீங்களே அழிச்சிடுங்க ஆன்ட்டி” என்றான். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். “நைட்டியோட, தலைகூடச் சீவாம இருந்தேன் டீச்சர். மூத்தவளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். வெளியூரு சம்மந்தம். இந்தக் கோலத்துல அவுக கண்ணுல பட்டா என்ன நினைப்பாவ?” என்றார். படத்தை அழித்தார். மகன் வாசலில் முறைத்துக்கொண்டேதான் நின்றான்.

பையன் உடனே கிளம்பவில்லை. கீழே உட்கார்ந்து, “இது எப்படிச் சுத்துறது?” என்று கேட்டான். பத்து நிமிடம் போராடியும் ஒரு பீடி உருப்படியாக வரவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார். “எய்யா, உனக்கு இது சரிப்படாது. வேணும்னா கையை மட்டும் எடுத்துக்கோ” என்றார். அவன் கையை மட்டும் எடுத்தான். ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் நல்லபடியாக முடியும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அவர் கதவைச் சாத்தியிருந்தாலும் அது அவர் உரிமைதான்.

நான் மறைத்த கேள்வி

அன்றைக்கே தென்னாப்பிரிக்கப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். “டீக்கடையில் அவர் நிறையப் பேசினார். நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன கேட்டார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இனியும் மறைக்க முடியாது. “உன் பெயரை வைத்து நீ எந்தச் சாதி என்று கேட்டார்” என்று சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்தாள்.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் அதில் போனார்கள். 1911 வரை அப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பலில் ஏறிய ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த அடையாளம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம். அவள் கையில் இருந்தது அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா ஏறிய கப்பலின் பக்கம். ஜில்லா என்ற இடத்தில், வெள்ளைக்காரர் எழுத்தில், ‘டின்னெவெலி’. அதைப் பார்த்துத்தான் திருநெல்வேலிக்கு வந்திருக்கிறாள்.

சாதிக் கட்டத்தில் இருந்த சொல் வேறு. அவளுடைய குடும்பப் பெயருக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. “இந்தப் பெயர் எப்போது, எப்படி எங்களுக்கு வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு இது வெறும் பெயர். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற பெயர்” என்றாள். அப்புறம் கேட்டாள்: “அந்தத் தாத்தா இந்தத் தாளைப் பார்த்திருந்தால், அதே மாதிரி சிரித்திருப்பாரா? எழுந்து போனாரே, அவர் எழுந்து போயிருப்பாரா?”

நான் பதில் சொல்லவில்லை. தெரிந்த பதில்தான். சொல்ல வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரும்பாலான தமிழ்நாட்டுக்காரர்கள் விட்டும் விட்டோம். இன்று நம் பெயரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. அதனால்தான் வாயால் கேட்கிறோம். ‘எந்த ஊர்? எந்தத் தெரு? குலதெய்வம் எது?’ என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோம். அவளோ பெயரில் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள், அர்த்தம் தெரியாமலே.

‘ஏட்டி’யை விளக்கியது மாதிரி இதை நான் விளக்கவில்லை. ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்து போகக்கூடிய விஷயமில்லை இது. பண்பாட்டு வித்தியாசம் என்ற போர்வையால் எல்லாவற்றையும் மூட முடியாது. “அவர் கேட்டது தப்பு. அதை நான் மறைத்ததும் தப்பு” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் டீக்கடைப் பெரியவரைத் தனியாகப் பார்த்தேன். “அண்ணாச்சி, அந்தப் பிள்ளை எந்த ஊருன்னு கேட்டிருந்தா போதுமே” என்றேன். “தப்பா கேக்கலை டீச்சர், நம்ம சொந்தமா இருக்குமோன்னுதான்...” என்று இழுத்தார். “ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல கடந்து இந்த ஜில்லாவைத் தேடி வந்திருக்கா. அதுக்கு மேல என்ன சொந்தம் வேணும்?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். யோசித்தார் என்று மட்டும் சொல்வேன்.

நாமும் விருந்தாளிதான்

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் கதை என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் ‘வேர்களைத் தேடி’ திட்டத்தில் அயலகத் தமிழ் இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். 2022-ல் தொடங்கிய காசி தமிழ்ச் சங்கமத்தில் நம் ஊர்க்காரர்கள் ரயில் ரயிலாக அங்கே போனார்கள். குடும்பத்தோடு ஐரோப்பா பேக்கேஜ், சிங்கப்பூர் பேக்கேஜ் என்று போகாத தெரு இல்லை. இன்று உபசரிக்கிறவர் நாளைக்கு விருந்தாளி.

சில வருடம் முன்பு எங்கள் தெருக்காரர்களோடு நானும் காசி போனேன். தங்கிய இடத்தில் சாம்பாரை வாயில் வைத்ததும் நம்மவர் ஒருவர் சத்தமாக, “இவனுகளுக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமா?” என்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர் நின்று, சுத்தமான தமிழில், “சென்னையில எட்டு வருஷம் வேலை பார்த்தேன் சார். இங்க அந்தப் புளி கிடைக்காது” என்றார். பந்தியே தலையைக் குனிந்துகொண்டது. நம் மொழி மற்றவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் பேசுவதுதான் பயணத்தில் நாம் அதிகம் செய்கிற தப்பு.

இன்னொன்று, நம்முடைய ‘பார்க்கலாம்’. நமக்கு அது பெரும்பாலும் மரியாதையான ‘முடியாது’. ‘ஆம், இல்லை’ என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற நாட்டுக்காரர்கள் அதை ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவது நமக்கு ‘ஆமாம்’, பார்க்கிறவருக்கு ‘இல்லை’. முக்கியமான விஷயத்தை வாயால் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

கூட்டமாகக் கிளம்புகிறவர்களுக்கு

மூன்று நாளில் நான் பட்டுக் கற்றது இவ்வளவு:

கிளம்புவதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். சாப்பாடு, கழிப்பறை, படம் எடுப்பது, கோவில் பழக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதைச் சன்னதி வாசலில் வைத்துச் சொன்னால் சங்கடம்தான். மனக்குறை வந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மனத்தாங்கல் வந்தால் அன்றைக்கே, தனியாகப் பேசுங்கள். தள்ளிப்போட்டால் மறுநாள் பயணம் கெடும். எல்லார் முன்னாலும் பேசினால் மனிதர் கெடுவார்.

‘ஏன் செய்தாய்?’ என்பதை அதட்டலாகக் கேட்காதீர்கள். தெரிந்துகொள்ளக் கேளுங்கள். பதிலைக் கேட்டு முடித்த பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

மனிதரைப் படம் எடுப்பதற்கு முன் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவருக்குச் சேலை மாற்ற நேரம் கொடுங்கள்.

நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் கசப்பானதை முழுங்கிவிடக் கூடாது. அந்த இடத்தில் சொல்ல முடியாவிட்டால், ‘அப்புறம் தனியாகச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, மறக்காமல் சொல்ல வேண்டும்.

மன்னிப்பு, புண்பட்டவருக்குப் புரிகிற விதத்தில் இருக்கட்டும். வேனுக்குள் என்னிடம் சொல்லும் ‘சாரி’ திண்ணைக்குப் போய்ச் சேராது.

மூன்றாம் நாள் மதுரைக்குக் கிளம்பும்போது, நான் கேட்காமலே டிரைவர் முக்கூடல் வழியாக வண்டியை விட்டார். கனடாப் பெண்தான் சொல்லியிருக்கிறாள். அந்தத் தெருவில் வேன் நின்றதும் இறங்கித் திண்ணைக்குப் போனாள். ஆச்சி தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“ஏட்டி, கெளம்பிட்டியா? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டன் ஆச்சி. போயிட்டு வாறன்.”

“வா, வா. அடுத்த தடவை வந்தா வெயில்ல நிக்காத.”

ஆச்சி ‘டி’யை விடவில்லை. அவளும் ‘வாறன்’ என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. வேன் திரும்புகிற வரை ஆச்சி திண்ணையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.